கம்ப்யூட்டருக்குள் ஜேடர்பாளையம்: சொந்த ஊரை கேம் மேப் ஆக்குவது எப்படி?

நகரம் கட்டும் கேம்களில் நிஜ ஊர்களுக்கு எப்போதுமே தனி மவுசு உண்டு. 1989-ல் வந்த முதல் சிம்சிட்டியிலேயே சான் பிரான்சிஸ்கோ, டோக்கியோ, பாஸ்டன் இருந்தன. 2003-ல் வந்த சிம்சிட்டி 4, லண்டன், நியூயார்க், பெர்லின் நகரங்களின் நில அமைப்பையே தந்தது. அமெரிக்க ரசிகர்கள் தங்கள் சிற்றூர்களைக்கூட மேப்பாக்கி விளையாடுகிறார்கள். நம் ஊரை மட்டும் விட்டுவைப்பானேன்?

என் ஊர் நாமக்கல் மாவட்டம் ஜேடர்பாளையம். காவிரிப் படுகை அணை, அண்ணா பூங்கா, மீன் வறுவல் என்று ஞாயிற்றுக்கிழமை வருபவர்கள் அறிந்த ஊர். எங்களுக்கு அதைவிடப் பெரியது அங்கே பிரியும் ராஜவாய்க்கால். 17-ம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆண்ட அல்லாள இளைய நாயக்கர் வெட்டியதாகச் சொல்வார்கள். ஊரில் அவருக்குச் சிலையும் உண்டு. எங்கள் அப்பாருவின் வெற்றிலைக் கொடிக்கால் அந்த வாய்க்கால் பாசனம்தான். மூட்டுவலியால் இரண்டு வருடமாக அவரால் வாய்க்கால் கரைக்கு நடக்க முடியவில்லை. திரையிலாவது காட்டலாம் என்றுதான் இந்த வேலையில் இறங்கினேன்.

எந்த கேம்?

2015-ல் வெளிவந்த சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் கேமைத் தேர்ந்தெடுத்தேன். காரணம், இதில் தண்ணீர் வெறும் நீலப் பெயிண்ட் அல்ல. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நிஜமாகவே ஓடும். மேப் எடிட்டரும் கூடவே வருகிறது. கம்ப்யூட்டரில் 8 ஜிபி ராம் இருந்தால் நல்லது.

இதன் மேப் 17.28 கிலோமீட்டர் சதுரம். அதற்கு 1081க்கு 1081 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று தேவை. இதை ஹைட்மேப் என்கிறார்கள். ஒரு புள்ளி 16 மீட்டர் நிலம். கறுப்பு பள்ளம், வெளுப்பு மேடு.

உயரக் கணக்கு எங்கே கிடைக்கும்?

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி ரேடாரால் நிலத்தின் உயரத்தை அளந்தது. எஸ்ஆர்டிஎம் என்ற அந்தத் தகவலை அமெரிக்காவின் யுஎஸ்ஜிஎஸ் தளத்தில் பதிவு செய்துகொண்டு இலவசமாக டவுன்லோடு செய்யலாம். 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற அளவில் கிடைக்கும். இஸ்ரோவின் புவன் தளத்திலும் கார்ட்டோசாட்-1 படங்களிலிருந்து தயாரித்த உயரத் தகவல் இலவசமாக உண்டு.

ஃபைலின் பெயர் அதன் தென்மேற்கு மூலையைக் குறிக்கும். ஜேடர்பாளையத்துக்கு வடக்கு 11, கிழக்கு 77 என்ற ஃபைல். நாமக்கல் நகரம் அடுத்த ஃபைலுக்குப் போய்விடும். எல்லையோர ஊர்க்காரர்கள் இரண்டையும் இறக்கி ஒட்ட வேண்டும்.

செய்முறை

1. க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறக்கவும்.

2. ராஸ்டர் மெனுவில் வார்ப் கட்டளை மூலம் யுடிஎம் 43 வடக்கு என்ற அமைப்புக்கு மாற்றவும். டிகிரிக் கணக்கு மீட்டர் கணக்காகும். புள்ளி அளவு 16 எனக் கொடுக்கவும்.

3. 17,296 மீட்டர் சதுரமாக வெட்டவும். 1081 புள்ளிகள் சரியாக வரும். ஊரை நடுவில் வைக்காதீர்கள். எது முக்கியமோ அதற்கு இடம் விடுங்கள். வாய்க்கால் மோகனூர் வரை போகிறது, அத்தனையும் அடங்காது. நான் சதுரத்தைத் தென்கிழக்கே நகர்த்தி முதல் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

4. ட்ரான்ஸ்லேட் கட்டளையில் 16 பிட் பிஎன்ஜி ஆக சேமிக்கவும். ஸ்கேல் என்பதற்கு 0, 1024, 0, 65535 என்ற நான்கு எண்களையும் தரவும்.

5. படத்தை கேமின் மேப் எடிட்டர் ஃபோல்டருக்குள் உள்ள ஹைட்மேப்ஸ் ஃபோல்டரில் போட்டு, எடிட்டரில் இம்போர்ட் செய்யவும்.

நான்காவது படியில் நான் ஸ்கேலை மறந்துவிட்டேன். கேமின் கடல் மட்டம் 40 மீட்டர். ஸ்கேல் இல்லாததால் நூறு மீட்டருக்கு மேலிருந்த ஊர் இரண்டு மூன்று மீட்டருக்கு இறங்கி, மொத்தமாகக் கடலில் மூழ்கியது!

தண்ணீர் ஏன் ஓடவில்லை?

இரண்டாம் முறை கபிலர்மலைக் குன்று அழகாக எழுந்து நின்றது. ஆனால் காவிரிக்கு ஆழமே இல்லை. ரேடார் பார்த்தது தண்ணீரின் மேல்மட்டத்தை. ஆற்றின் அடியை அல்ல. எடிட்டரில் ஆற்றுப் படுகையைக் கையால் தாழ்த்தி, மேல்முனையில் வாட்டர் சோர்ஸ் வைத்ததும் ஆறு ஓடியது. அணைக்கு, ஆற்றின் குறுக்கே மண்ணைச் சற்று உயர்த்தினேன். படுகை அணையின் வேலையும் அதுதான்: தேக்கி வைப்பதல்ல, மட்டத்தை உயர்த்தித் தண்ணீரை வாய்க்காலுக்குத் திருப்புவது.

ராஜவாய்க்கால் மேப்பில் இல்லவே இல்லை. சில மீட்டர் அகல வாய்க்கால் 30 மீட்டர் புள்ளியில் தெரியாது. நானே ஹைவே போல நேராக ஒன்று வெட்டினேன். தண்ணீர் கொஞ்ச தூரம் வந்து ஒரு பள்ளத்தில் குளமாகத் தேங்கியது. ஒரு வாரம் போராடியும் நகரவில்லை.

பின்னால் உட்கார்ந்து பார்த்த அப்பாரு கேட்டார்: "ஏஞ்சாமி, வாய்க்காலை எதுக்கு மேட்டுல ஏத்தறே?"

"நேராப் போனா தூரம் குறையும்ங்க அப்பாரு."

"தண்ணிக்கு என்ன அவசரம்? மட்டம் பாத்து வளைஞ்சு வளைஞ்சுதான் போகும்."

அன்றுதான் கணக்குப் போட்டேன். வாய்க்காலுக்குக் கிலோமீட்டருக்கு கால் மீட்டர் சரிவு என்று வைத்துக்கொள்வோம். 16 மீட்டர் புள்ளி ஒன்றுக்கு 4 மில்லிமீட்டர். கேமின் மிகச் சிறிய உயரப் படியோ 16 மில்லிமீட்டர் அளவு. எஸ்ஆர்டிஎம் முழு மீட்டரில்தான் உயரம் சொல்லும். இந்தச் சரிவு அதில் நான்கு கிலோமீட்டருக்கு ஒருமுறைதான் தெரியும். கரைத் தென்னைகளின் உயரமும் நிலத்தோடு சேர்ந்துவிடும். விண்கலம் தவறவிட்ட சரிவை, கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் தண்ணீரையே மட்டக்கோலாக வைத்துக் கண்டிருக்கிறார்கள்.

இதைச் சரிசெய்த விதம்: க்யூஜிஐஎஸ்-ல் செயற்கைக்கோள் படத்தை அடியில் வைத்து, வாய்க்காலின் ஒவ்வொரு வளைவையும் கோடாக வரைந்தேன். படம் மங்கிய இடங்களில் லீவில் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். பிறகு எடிட்டரில் அதே கோட்டில், இரண்டு புள்ளி அகலத்தில், கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவில் வெட்டினேன். நிஜத்தைவிட அகலம், சரிவு இரண்டும் அதிகம்தான். கேமின் தண்ணீருக்கு அது தேவைப்பட்டது.

தண்ணீர் ஓடியபோது இன்னொன்றும் புரிந்தது. ஆற்றைவிடக் குறைந்த சரிவில் போவதால், போகப் போக வாய்க்கால் ஆற்றைவிட உயரத்துக்கு வருகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலம் முழுக்கத் தானாகப் பாயும். வாழை, கரும்பு, வெற்றிலை எல்லாம் அந்தப் பக்கம். வாய்க்காலுக்கு மேலே மேட்டாங்காடு. எடிட்டரில் 'வளமான நிலம்' என்ற வளத்தை அந்த இடைப்பட்ட நிலத்தில் மட்டும் பூசினேன்.

அப்பாரு திரையருகே வந்து விரலால் ஒரு வளைவைத் தொட்டார். "இதுதான் நம்ம மடை." நான் குறித்திருந்த இடத்திலிருந்து இரண்டு வளைவு தள்ளி. திருத்திக்கொண்டேன்.

நீங்களும் உங்கள் ஊரை முயன்று பாருங்கள். ஏரி, குளம், வாய்க்கால் உள்ள ஊராக இருந்தால் இன்னும் நல்லது. உயரக் கணக்கை இன்டர்நெட்டில் எடுங்கள். தண்ணீர் போகும் வழியை மட்டும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள். எனக்கு வீணான ஒரு வாரம் உங்களுக்கு மிச்சமாகும்.