கேமராவுக்கு முகம் தெரியும், முறை தெரியாது

எங்கள் மருங்காபுரிப் பக்கம் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் பந்தலுக்கு முன்னால் ஃப்ளெக்ஸ் பேனர் நிற்கும். காது குத்தப்போகிற குழந்தை, தாத்தா, அப்பத்தா, தாய்மாமன்கள், மேல்வரிசையில் தலைவர்கள். கேமராவில் ஃபேஸ் டிடெக்‌ஷனைப் போட்டுவிட்டு, சீர்வரிசை வருவதை எடுக்கத் தயாராக நிற்பேன். தாம்பாளத்தைத் தலையில் சுமந்து வருகிற பெண்களை விட்டுவிட்டு, ஃபோகஸ் கட்டம் நேரே பேனர் முகத்தில் போய் உட்காரும். அதைக் குறை சொல்ல முடியாது. பேனர் முகம் பெரியது, அசையாதது, நேராகப் பார்ப்பது, வெளிச்சம் சீராக விழுந்தது. கேமரா தேடுவது அப்படிப்பட்ட முகத்தைத்தான்.

இந்த வசதியை அணைத்தே வைத்திருக்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. நான் அப்படி ஒரேயடியாக அணைப்பதில்லை. நடுப் புள்ளியில் ஃபோகஸ் பிடித்து, பிறகு கேமராவைத் திருப்பி ஃப்ரேம் வைத்த காலத்தில் கவனத்தில் பாதி அந்தப் புள்ளிக்கே போய்விடும். இப்போது எதிரே இருப்பவரோடு பேசிக்கொண்டே எடுக்க முடிகிறது. பேசினால்தான் முகம் இளகும். ஆனால் யார் முகத்தைப் பிடிக்க வேண்டும் என்கிற முடிவை மட்டும் கேமராவிடம் விடக்கூடாது.

அது எப்படி வேலை செய்கிறது என்று ஓரளவு தெரிந்துகொண்டால், எங்கே தடுமாறும் என்பதும் பிடிபடும். 2001-இல் பால் வயோலா, மைக்கேல் ஜோன்ஸ் என்கிற இருவர் முகத்தை வேகமாகக் கண்டுபிடிக்கும் வழியொன்றை வெளியிட்டார்கள். கண் இருக்கிற பகுதி கன்னத்தைவிட இருட்டு, மூக்குத் தண்டு இரண்டு கண்களையும்விட வெளிச்சம். இப்படியான இருட்டு வெளிச்ச அமைப்புகளைப் படிப்படியாகச் சோதித்து, முகம் இல்லாத இடங்களைச் சட்டென்று கழித்துவிடுகிற முறை அது. 2005-இல் நிக்கானின் கூல்பிக்ஸ் சிறு கேமராக்களில் ஃபேஸ் டிடெக்‌ஷன் வந்தது. 2013-இல் வந்த சோனி ஏ7 வரிசையில் கண்ணையே பிடிக்க முடிந்தது. இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் லட்சக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கப்பட்டவை; பக்கவாட்டில் திரும்பிய தலையைக்கூடப் பிடிக்கும். ஆனாலும் முகத்தில் மேடு பள்ளம் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் இருந்தாக வேண்டும்.

நம் ஊரில் சிக்கல் இங்கேதான். உச்சி வெயில், உள்ளே பந்தல் நிழல், பின்னால் வெள்ளையடித்த சுவர். நிழலில் தலைப்பாகையோடு ஒரு சம்சாரி அய்யா உட்கார்ந்திருப்பார். கேமரா சுவருக்கு வெளிச்சத்தைக் கணக்குப் பண்ணிவிடும், அவர் முகம் கருத்துவிடும், கட்டம் காணாமல் போகும். அப்போது எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டுவேன். அல்லது அவர் பக்கமாக இரண்டு எட்டு நகர்ந்து, வெளிச்சம் கன்னத்தில் விழுகிற கோணத்துக்கு வருவேன். பெரும்பாலும் கட்டம் திரும்பி வந்துவிடும். ஃபிளாஷ் தேவைப்படாது.

கருத்த நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளுத்த நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருத்த நிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. அது கேமரா ஃபோகஸைப் பற்றிய ஆய்வு அல்ல. ஆனால் எந்த முகங்களைக் காட்டிப் பழக்கினார்களோ அந்த முகங்களில்தான் இயந்திரம் தேறும் என்பதை அது காட்டிவிட்டது. அதனால் புது கேமரா வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: கடையின் வெள்ளை விளக்கில் விற்பனையாளர் முகத்தை வைத்து முடிவு பண்ணாதீர்கள். ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, வேப்பமர நிழலில் உங்கள் வீட்டு ஆட்களை எடுத்துப் பாருங்கள். நாம் எடுக்கப்போவது அவர்களைத்தானே.

காதுகுத்துதான் இந்த வசதிக்கு உண்மையான பரீட்சை. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பிள்ளை தாய்மாமன் மடியில் இருக்கும். ஆசாரி குனிவார். அம்மா ஒரு பக்கம், சித்திகள் மறுபக்கம், சுற்றிலும் செல்போன்கள். இத்தனை முகங்களில் கேமரா பிடிப்பது கிட்டத்தில் பெரிதாகத் தெரிகிற ஆசாரியின் முகத்தை. பிள்ளையோ வீறிட்டு அழுகிறது, கண் இறுக மூடியிருக்கிறது, தலை திரும்பியிருக்கிறது. கேமராவுக்கு அது முகமாகவே படுவதில்லை. அதனால் ஊசி வருவதற்கு முன்பே ஃபோகஸ் பரப்பைச் சுருக்கிவிடுவேன். ஃப்ரேம் முழுக்கத் தேடவிடாமல், சின்னக் கட்டத்தைப் பிள்ளையின் நெற்றியில் வைத்துத் தொடர் ஃபோகஸில் பிடித்துக்கொள்வேன். பல கேமராக்களில் அந்தக் கட்டத்தை ஒட்டிய முகத்துக்குத்தான் முன்னுரிமை கிடைக்கும். கட்டைவிரலுக்கு எட்டுகிற பட்டன் ஒன்றில் ஃபேஸ் டிடெக்‌ஷனை அணைக்கவும் போடவும் வைத்திருக்கிறேன். ஊசி ஏறியதும் பிள்ளையை விட்டுத் தாய்மாமனுக்குப் போவேன். பிடித்த கையை விடாமல், பார்க்கவும் முடியாமல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருப்பார். அந்தப் படத்தை யாரும் கேட்டு வாங்குவதில்லை. ஆனால் ஆல்பத்தைப் புரட்டும்போது எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள்.

கல்யாணத்திலும் இதே கதை. தாலி கட்டும்போது பின்னாலிருந்து நாத்தனார் முடிச்சுப் போடக் குனிவார். மாப்பிள்ளை முகம் முன்னால் வரும். பெண்ணின் முகம் தாழ்ந்திருக்கும். நான் கட்டத்தைப் பெண்ணின் மேல் வைத்து, முகம் விட்டு முகம் தாவும் வேகத்தை மெதுவாக்கிவிடுவேன். அப்போதுதான் குறுக்கே பறக்கிற அட்சதைக்கும் பூவுக்கும் ஃபோகஸ் ஓடாது.

லென்ஸை முழுக்கத் திறந்து வைக்கிற ஆசையையும் மணவறையில் கொஞ்சம் அடக்க வேண்டும். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்தால், தெளிவாக விழுகிற ஆழம் மொத்தமே சுமார் 6 செ.மீ. கண் ஃபோகஸ் இமையைச் சரியாகப் பிடித்தாலும் காதுத் தோடு மங்கிவிடும். எஃப் 4-க்கு வந்தால் சுமார் 13 செ.மீ. கிடைக்கும். கண்ணாடி போட்ட பெரியவர்களுக்கும் இதுதான் நல்லது. கண்ணுக்குப் பதில் கண்ணாடிச் சட்டத்தில் ஃபோகஸ் நின்றாலும் கண் தப்பித்துவிடும்.

சில இடங்களில் அணைத்துவிடுவதே மரியாதை. மணப்பாறை மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அங்கே படம் அந்தத் துண்டில்தான் இருக்கிறது. முகங்கள் எதையும் காட்டிக்கொள்ளாது. ஸ்ரீரங்கம் சித்திரைத் தேரில் வடம் பிடிக்கிற கூட்டத்தில் கேமரா முகம் முகமாகத் தாவிக்கொண்டே இருக்கும். வடத்தைப் பிடித்த கையில் ஒற்றைப் புள்ளியை வைத்தால் வேலை முடிந்தது. ஊர் எல்லையில் உருட்டி விழிக்கிற கருப்பசாமி முன்னால் நிற்கும் குடும்பத்தை எடுக்கும்போதும் இதே பழக்கம் உதவும். சாமியின் கண்தான் கேமராவை முதலில் இழுக்கும்.

சில கேமராக்களில் முகங்களைப் பதிவு பண்ணி வைத்து அவற்றுக்கு முன்னுரிமை கொடுக்கலாம். இதை நிறையப் பேர் தொடுவதே இல்லை. முகூர்த்தத்துக்கு முன்பு நல்ல வெளிச்சத்தில் பெண், மாப்பிள்ளை இருவரையும் நேராக நிறுத்திப் பதிந்துகொள்வேன். மூன்றாவதாக அந்த வீட்டில் மூத்தவர். பெரும்பாலும் ஒரு அப்பத்தாவாக இருப்பார். அவர் மேடைக்கு வரமாட்டார், படம் எடுக்கச் சொல்லிக் கேட்கவும் மாட்டார், பந்தக்கால் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கூட்டத்துக்கு நடுவே அவர் முகம் ஃப்ரேமுக்குள் வந்தால் பெரும்பாலும் கட்டம் தானாக அங்கே போகும். எனக்கும் அவர் ஞாபகம் வரும். விசேஷம் முடிந்ததும் அந்தப் பதிவுகளை அழித்துவிட வேண்டும். அடுத்த வீட்டுக்குப் போனதும் பையைத் திறப்பதற்கு முன்னால் நான் கேட்பது, “உங்க வீட்ல மூத்தவங்க யாருங்க, எங்க உக்காந்திருக்காங்க?”