பில்லில் கையெழுத்து அவசியமா?

வீட்டிலிருந்தபடியே கணினியில் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுத்துப் பிழைக்கும் இளைஞர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். மாதக் கடைசியில் மின்னஞ்சலில் பில் அனுப்புவது அவர் வழக்கம். வேலை வாங்கிய ஒரு நிறுவனத்தார், "பில்லில் உங்கள் கையெழுத்து இல்லை, பணம் தர இயலாது" என்று நான்கு மாதங்களாகத் தள்ளிக்கொண்டே வருகிறார்களாம். கையெழுத்தில்லாத பில் செல்லாதா? மார்க்கத்தில் இதற்கு என்ன ஹுக்மு? நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? இவை அவருடைய கேள்விகள்.

தொழுகையின் ஷர்த்துகளை ஆலிம்களிடம் விசாரித்துத் தெரிந்துகொள்ளும் நம்மவர்கள், கடைக் கணக்கைப் பற்றிக் கேட்பது அபூர்வம். ஆகவே இக்கேள்வி வந்ததில் நமக்கு மகிழ்ச்சியே.

திருமறையில் மிக நீண்ட ஆயத்து எது தெரியுமா? கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றி சூரத்துல் பகராவில் வரும் 282-வது ஆயத்துதான். தவணை குறித்துக் கடன் பேசினால் எழுதிக்கொள்ளும்படி அல்லாஹ் அதில் ஏவுகிறான். எழுதுகிறவர் நீதியாக எழுத வேண்டும். சாட்சிகளை வைத்துக்கொள்ள வேண்டும். தொகை சிறியதாயினும் பெரியதாயினும் எழுதச் சடைவு கொள்ளலாகாது. கைக்குக் கை நடக்கும் ரொக்க வியாபாரத்தை எழுதாமல் விட்டால் குற்றமில்லை. எழுதியவருக்கோ சாட்சிக்கோ எந்தத் துன்பமும் வரக்கூடாது. இத்தனையும் ஒரே ஆயத்தில்!

இதில் ஓரிடத்தில் நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். எழுதுகிறவருக்கு வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார்? கொடுத்தவரா, பட்டவரா? பட்டவரே, அதாவது கடன் யார் மீது இருக்கிறதோ அவரே சொல்ல வேண்டும் என்கிறது ஆயத்து. அவர் சொல்ல இயலாதவராயின் அவருடைய பொறுப்பாளர் சொல்ல வேண்டும். காரணம் வெளிப்படை. "எனக்கு இவ்வளவு வரவேண்டும்" என்று யாரும் எழுதிக்கொள்ளலாம். "நான் இவ்வளவு தரவேண்டும்" என்று ஒருவர் தம் வாயால் சொல்வதுதான் அவரைக் கட்டுப்படுத்தும்.

இப்போது பில்லுக்கு வருவோம். பில் என்பது விற்றவர், அல்லது வேலை செய்தவர், தம் பக்கத்திலிருந்து எழுதும் கேட்புச் சீட்டு. அதில் அவரே கையெழுத்திடுவதால் அவருடைய பாத்தியதை கூடிவிடுவதில்லை, இடாததால் குறைந்துவிடுவதுமில்லை. அக்கையெழுத்து கட்டுப்படுத்துவது அவரைத்தான். "நான் கேட்ட தொகை இதுவன்று, கூடுதல்" என்று பிறகு அவர் பேச முடியாது. பொய்யான பில் என்றால் அதற்குப் பொறுப்பாளியும் அவரே.

அப்படியானால் கையெழுத்துக்கு மார்க்கத்தில் இடமே இல்லையா? இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ரோமாபுரி அரசருக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரை இல்லாத கடிதத்தை அவர்கள் ஏற்பதில்லை என்று ஸஹாபாக்கள் எடுத்துச் சொன்னார்கள். அதன் பிறகே வெள்ளி மோதிரம் ஒன்று செய்து, அதில் தம் பெயரையும் தூதர் என்பதையும் பொறிக்கச் செய்தார்கள். எதிரில் இருப்பவருடைய வழக்கத்தை மதித்துச் செய்த காரியம் இது. வாங்குகிறவர் கையெழுத்து வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டால் போட்டுக் கொடுப்பதில் நமக்கு என்ன நஷ்டம்? ஆனால் வேலையை வாங்கிக்கொண்டு, உபயோகித்தும் விட்டு, அதன்பின் கையெழுத்தைச் சாக்காகச் சொல்லித் தள்ளிப்போடுவது வேறு விஷயம். வசதியுள்ளவர் கடனைத் தாமதிப்பது அநியாயம் என்பது நபிமொழி.

எழுதுவது வாஜிபா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இப்னு ஹஸ்மு (ரஹ்) போன்றோர் வாஜிபு என்றார்கள். பெரும்பாலான இமாம்கள் முஸ்தஹப்பு என்றே கொண்டார்கள். அடுத்த ஆயத்தில், ஒருவரையொருவர் நம்பினால் நம்பப்பட்டவர் அமானிதத்தை நிறைவேற்றட்டும் என்று வருவதை அவர்கள் ஆதாரமாகக் காட்டுவார்கள். எப்படியாயினும், எழுத்து இல்லை என்பதனால் கடன் இல்லாமல் போய்விடாது.

நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் செல்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, பொதுவாக வாய்ப் பேச்சாலும் ஒப்பந்தம் உண்டாகும். பேசியபடி வேலை முடித்துக் கொடுத்துவிட்டால் கூலி வந்தாக வேண்டும். பில் அதற்கு ஓர் அத்தாட்சியே.

வரிச் சட்டம் மட்டும் கையெழுத்தைப் பெயர் சொல்லிக் கேட்கிறது. ஜி.எஸ்.டி.யில் பதிவு பெற்றவர் கொடுக்கும் வரிப் பட்டியலில் இன்னின்னவை இருக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு விதிகளில் 46-வது விதி கூறுகிறது. பதினாறு எழுத்துக்கு மேற்படாத தொடர் எண், தேதி, இரு தரப்பார் விவரம், சரக்கின் விவரம், வரி விகிதம் ஆகியவற்றோடு, கொடுப்பவர் அல்லது அவரால் அதிகாரம் பெற்றவருடைய கையெழுத்தோ டிஜிட்டல் கையெழுத்தோ வேண்டும். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்கு ஒத்து மின்னணு வடிவில் அனுப்பும் பட்டியலுக்குக் கையெழுத்து வேண்டியதில்லை என்று 2018 டிசம்பரில் ஒரு விலக்கும் சேர்க்கப்பட்டது. "கணினியில் தயாரானது, கையெழுத்து தேவையில்லை" என்று அடியில் ஒரு வரி அச்சடித்துவிட்டால் போதும் என்று கடைக்காரர்கள் பலர் நினைக்கிறார்கள். காகிதத்தில் அடித்துக் கையில் கொடுக்கும் பட்டியலுக்கு அவ்வரி விலக்குத் தேடித் தரும் என்று நமக்குத் தோன்றவில்லை. பேனாவை எடுத்து ஒப்பமிட எவ்வளவு நேரம் பிடிக்கும்? கையெழுத்தைப் படம் பிடித்து ஒட்டிவிட்டு அதை டிஜிட்டல் கையெழுத்து என்பாரும் உண்டு. அதுவும் தவறு. டிஜிட்டல் கையெழுத்து என்பது உரிமம் பெற்ற அமைப்பு தரும் சான்றிதழைக் கொண்டு இடுவது.

நமக்கு எழுதிய இளைஞரோ ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்தவரல்லர். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்ச ரூபாய்க்குள் இருப்பதால் அவருக்குப் பொதுவாக அந்தக் கட்டாயமும் இல்லை. ஆகவே 46-வது விதி அவரைத் தொடவில்லை. பதிவில்லாதவர் பில்லில் வரி என்று ஒரு காசும் வசூலிக்கக் கூடாது என்பதை மட்டும் அவர் நினைவில் வைக்க வேண்டும்.

உண்மையில் அவர் கவலைப்பட வேண்டிய கையெழுத்து வேறொன்று. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, செய்த வேலைக்குக் கூலி கேட்டு வழக்குத் தொடர மூன்று ஆண்டுகளே தவணை. அந்த மூன்று ஆண்டு முடிவதற்குள் கடன்பட்டவர், "ஆம், தரவேண்டியது உண்டு" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அந்த நாளிலிருந்து தவணை புதிதாக ஆரம்பிக்கும். பாருங்கள், இங்கும் கணக்கில் வருவது பட்டவருடைய ஒப்பமே! பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் ஆயத்தில் யாரைச் சொல்லச் சொன்னதோ அவரையேதான் இச்சட்டமும் தேடிப் போகிறது. மூன்றாண்டு கடந்தால் நீதிமன்ற வாசல் அடைபடலாம். அல்லாஹ்வின் சந்நிதியில் கடன் அடைபடுவதில்லை. ஷஹீதுக்கும் கடனைத் தவிர மற்றவையே மன்னிக்கப்படும் என்பது ஹதீஸ்.

சிறு தொழிலாகப் பதிவு செய்துகொண்டவருக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு துணை. தவணை எழுத்தில் பேசப்பட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. பேசப்படாவிட்டால் 15 நாள்தான். தாமதித்தவர் மாதந்தோறும் கூட்டுவட்டி தரவேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. வட்டி நமக்குக் கூடாது என்பதை நாம் விரிக்க வேண்டியதில்லை. அசலைக் கேட்டு வாங்க அச்சட்டத்தின் துணையை நாடுவதில் தடையொன்றும் நமக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தெரிந்தவர், சொந்தக்காரர் என்று யாராவது வந்து, "சரக்குப் போகவில்லை, கணக்குக்காக ஒரு பில் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்" என்று கேட்பதுண்டு. சரக்கில்லாமல் வரிப் பட்டியல் கொடுப்பது ஜி.எஸ்.டி. சட்டத்தில் குற்றம். மார்க்கத்தில் அது பொய்ச் சாட்சி. மச்சானே கேட்டாலும் மறுத்துவிட வேண்டியதுதான்.

அந்த இளைஞர் இனிச் செய்ய வேண்டியதைச் சொல்வோம். நிறுத்தி வைத்த நான்கு பில்களையும் அச்சடித்து, தம் கையெழுத்தை இட்டு, விரைவுத் தபாலில் இன்றே அனுப்பட்டும், சாக்கு நீங்கிவிடும். இன்ன தேதியில் இன்ன வேலை வாங்கிக்கொண்டோம், இவ்வளவு பாக்கி என்று அவர்களிடமிருந்து கையெழுத்துடன் ஒரு வரி எழுதி வாங்கட்டும். மின்னஞ்சலில் பதில் வந்தாலும் அதை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். புதிய வேலையை ஏற்குமுன் கூலி, தவணை இரண்டையும் எழுத்தில் பேசிக்கொள்ளட்டும். பணம் கைக்கு வந்ததும் தனியாக ரசீது கொடுக்க வேண்டும். தொகை 5,000 ரூபாய்க்கு மேற்பட்டால் அந்த ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் கையெழுத்திடுவதே முறை.