ஞாயிற்றுக்கிழமைக்கு டைம்டேபிள் வேண்டாம்

மே மாதம் வந்தால் சென்னைப் பெற்றோருக்கு ஒரு குற்ற உணர்ச்சி தொற்றிக்கொள்ளும். வாரம் முழுக்க ஆபீஸ், பிள்ளைகள் வீட்டில் அடைந்து கிடக்கிறார்கள், ஆகவே சனி ஞாயிறில் ஊரையே காட்டிவிட வேண்டும். காலையில் வண்டலூர் ஜூ, மதியம் மால், சாயங்காலம் சினிமா, ராத்திரி ஹோட்டல். திங்கட்கிழமை விடியும்போது அந்த வீட்டில் யாருக்கும் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காது. என் கட்சி வேறு. ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம், மிச்ச நேரம் சும்மா இருப்பதற்கு. இந்தக் கட்சியில் சேர விருப்பம் உள்ளவர்கள் மேலே படிக்கலாம்.

செய்ய வேண்டியவை

வெயிலைக் கேட்டு நாளைப் பிரியுங்கள். கத்திரி வெயில் மே முதல் வாரத்தில் தொடங்கிக் கடைசி வாரம் வரை காயும். அது முடிந்த பிறகும் நம்பிவிட முடியாது. 2003 மே மாதக் கடைசியில்தான் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. சென்னையைக் காப்பாற்றுவது நண்பகலையொட்டி உள்ளே வரும் கடற்காற்று. அது தாமதமாகும் நாளில் ஊர் கொதிக்கும். அதனால் வெளியே போவதென்றால் காலை 10 மணிக்குள் முக்கால்வாசி முடிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மாலை 5 மணிக்கு மேல் கிளம்ப வேண்டும். இடைப்பட்ட நேரத்துக்குச் சாப்பாடு, தூக்கம், சினிமா.

படத்தின் பெயருக்கு முன்னால் சான்றிதழைப் பாருங்கள். 2024-க்குப் பிறகு யு/ஏ என்பது 7, 13, 16 என்று மூன்று வயதுப் பிரிவாகிவிட்டது. கார்ட்டூன் போஸ்டரை நம்பிப் போய், இடைவேளைக்கு முன்பே கண்ணை மூடச் சொல்லிக்கொண்டு உட்காரும் அவஸ்தை இதனால் பாதி குறையும். ஏ சான்றிதழ் படத்துக்கு, அப்பா அம்மா கூட வந்தாலும் 18 வயது ஆகாதவர்களை உள்ளே விடக்கூடாது. வாசலில் நின்று வாதாடிப் பயனில்லை.

தியேட்டரில் ஓரத்து இருக்கையை வாங்குங்கள். ஏ.சி. குளிருக்கு ஒரு துண்டோ ஸ்வெட்டரோ கையோடு இருக்கட்டும். இடைவேளை விடுவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் பாத்ரூமுக்குக் கூட்டிப் போனால் வரிசையிலிருந்து தப்பிக்கலாம். பாப்கார்ன் விலையைப் பற்றிப் புலம்புகிறவர்களுக்கு ஒரு தகவல்: வெளி உணவைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்றுதான் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைப் பெற்றோர் கொண்டுபோகலாம் என்பதும் அதே வழக்கில் வந்ததுதான். தண்ணீரைத் தயங்காமல் கேளுங்கள்.

குழந்தை பயந்தாலோ சலித்தாலோ எழுந்து வந்துவிடுங்கள். டிக்கெட் காசு போனது போனதுதான். உட்கார்ந்து அழவிட்டால் அது திரும்பி வராது.

மதியத்தில் வீட்டிலேயே ஒரு பழைய படம் போடுங்கள். ஒரு வாரம் பிள்ளைகள் தேர்வு, அடுத்த வாரம் உங்கள் தேர்வு. உங்கள் முறை வரும்போது 1957-ல் வந்த ‘மாயாபஜார்’ ஏமாற்றாது. எஸ்.வி. ரங்கா ராவின் கடோத்கஜன் கல்யாண விருந்தைத் தனியாளாகக் காலி செய்வதைப் பார்க்க எந்த வயதுக்கும் விளக்கவுரை தேவைப்படாது. ‘காதலிக்க நேரமில்லை’யில் பாலையாவுக்கு நாகேஷ் கதை சொல்லும் கட்டமும் அப்படித்தான். அதைப் பார்த்த பிள்ளைகள் அன்று சாயங்காலமே வீட்டில் நடித்துக் காட்டுவார்கள். பீட்சாவுக்கு ஏங்கும் சிறுவர்களின் கதையான ‘காக்கா முட்டை’யைப் பீட்சா கடைக்குப் போகும் வாரத்தில் போட்டுப் பாருங்கள். கடைக்குள் உங்களிடம் சில கேள்விகள் வரும். வரட்டும்.

வெளியே போக ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், இரண்டு வேண்டாம். வண்டலூர் என்றால் திறக்கும் நேரத்துக்கே போய்விட வேண்டும். 600 ஹெக்டேர் காடு அது. உச்சி வெயிலில் விலங்குகள் நிழலில் படுத்துவிடும், நாம் மட்டும்தான் நடந்துகொண்டிருப்போம். எழும்பூர் மியூசியத்தை அதற்கு அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம். பழைய சென்னைவாசிகள் முன்னதை உயிர் காலேஜ் என்றும் பின்னதைச் செத்த காலேஜ் என்றும் சொன்னார்கள். இரண்டுக்கும் உறவும் உண்டு: 1855-ல் மியூசியத்தில் எட்வர்ட் பால்ஃபர் வைத்திருந்த விலங்குகளில் தொடங்கிய காட்சிச்சாலைதான் 1985-ல் வண்டலூருக்குப் போனது. மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமையும் வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமையும் விடுமுறை என்பதால் சனி ஞாயிறுக்குச் சிக்கல் இல்லை.

காசில்லாத வாரமா? கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்குப் போங்கள். அதே காந்தி மண்டபம் சாலையில்தான் பிர்லா கோளரங்கம், தமிழிலேயே காட்சி உண்டு. அதுவும் முடியாதென்றால் கடற்கரை ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறி வேளச்சேரி வரை போய்த் திரும்புங்கள். சேப்பாக்கம் ஸ்டேடியத்தை ஒட்டிப் போகும்போது ஜன்னல் பக்கம் அடிதடி நடக்கும். ஐந்து வயது ஆகாதவர்களுக்கு டிக்கெட் கிடையாது, பன்னிரண்டு வரை அரை டிக்கெட்.

பிள்ளையின் சட்டைப்பையில் உங்கள் போன் எண்ணை எழுதி வையுங்கள். காணும் பொங்கலன்று மெரினாவில் போலீஸ்காரர்கள் குழந்தைகள் கையில் எண் எழுதிய பட்டையைக் கட்டுகிறார்களே, அந்த யோசனை மற்ற நாளுக்கும் பொருந்தும்.

செய்யக்கூடாதவை

மெரினாவில் இறங்கிக் குளிக்க விடாதீர்கள். இதில் மட்டும் எனக்குச் சமரசம் இல்லை. கரையிலிருந்து சில அடி தள்ளினாலே சட்டென்று ஆழமாகும். திரும்பும் அலை காலடி மணலை உருவி உள்ளே இழுக்கும். நீச்சல் தெரிந்த பெரியவர்களையே கொண்டுபோயிருக்கிறது. கணுக்கால் நனையட்டும், கை உங்கள் பிடியில் இருக்கட்டும். குதிரைச் சவாரி, ராட்டினம், பலூன் சுடுவது எல்லாம் தாராளமாக நடக்கட்டும். விலையை மட்டும் ஏறுவதற்கு முன் பேசிவிடுங்கள்.

‘ரெண்டே நிமிஷம்’ என்று சொல்லிப் பூட்டிய காரில் குழந்தையை விட்டுப் போகாதீர்கள். மே வெயிலில் கார் உள்ளே சூடேற அதிக நேரம் பிடிக்காது.

நுங்கும் வெள்ளரிப்பிஞ்சும் இளநீரும் தெருவெங்கும் கிடைக்கும்போது கலர் பாட்டிலை வாங்கித் தராதீர்கள். வெட்டித் திறந்து வைத்த தர்பூசணியை மட்டும் தவிர்த்து, முழுப் பழத்தை வாங்கி வீட்டில் வெட்டுங்கள்.

போன இடத்தில் பாடம் நடத்தாதீர்கள். ‘இது என்ன மிருகம், ஸ்பெல்லிங் சொல்லு’ என்று கேட்டால் புலியே அலுத்துப்போகும். பிள்ளை புலியை விட்டுவிட்டு வேலியோரத்து எறும்பைப் பார்க்கிறதா, பார்க்கட்டும். இன்னொரு கெட்ட பழக்கம், ஒவ்வொரு கூண்டின் முன்னும் ஸ்டேட்டஸ் போட நிற்க வைப்பது.

‘போர் அடிக்குது’ என்றதும் போனை நீட்டாதீர்கள். பதில் சொல்லாமல் இருங்கள். அரை மணி நேரத்தில் தலையணையெல்லாம் கோட்டையாகும், அல்லது அண்ணனும் தங்கச்சியும் சண்டை போடுவார்கள். இரண்டும் கோடை விடுமுறையில் சேர்த்திதான்.

ஞாயிறு ராத்திரிக் காட்சிக்கு டிக்கெட் போடாதீர்கள்.

கடைசியாக, அம்மாவை மட்டும் விடிகாலையில் எழுப்பாதீர்கள். அவள் 4 மணிக்கு எழுந்து புளியோதரை கிளறி, பாட்டில் நிரப்பி, பை கட்டி, வந்ததும் மணல் ஒட்டிய துணியையும் துவைத்தால் அது மற்றவர்களுக்குத்தான் லீவு. சாப்பாட்டைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். இந்தச் சனிக்கிழமை பையை அப்பா கட்டட்டும், பாட்டிலைப் பிள்ளைகள் நிரப்பட்டும்.