அந்தச் சொல்லைச் சொல்லியே கேள்

அன்புள்ள மருமகள் கண்ணம்மாவுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. உன் வகுப்பு மாணவியை அவள் அப்பாவும் அம்மாவும் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போனார்கள், திங்கட்கிழமை வகுப்புக்கு வருகிறாள் என்று நீ சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் "நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி" என்று அவள் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, "நான் கேட்டால் அந்த எண்ணத்தை நானே அவள் மனதில் போட்டதாகிவிடாதா அத்தை?" என்று போனில் தயங்கினாயே, அதற்கு அன்றைக்கு அவசரத்தில் பதில் சொன்னேன். ஆசிரியர் வேலையில் இனி உனக்கு இப்படிப் பல பிள்ளைகள் வருவார்கள். அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

உன் தயக்கம் நம் வீட்டிலேயே ஊறியது. அச்சானியமாகப் பேசாதே என்று சாவு என்ற சொல்லையே எடுக்கவிட மாட்டார்கள். விளக்கு வைத்த நேரத்தில் சொன்னால் உன் பாட்டி வாயிலேயே போடுவாள். அந்தப் பயத்தோடுதான் நானும் நர்ஸ் வேலைக்குப் போனேன்.

ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பையன். தலைவலி என்று மூன்று தடவை புறநோயாளிப் பிரிவுக்கு வந்தான். முதலில் வந்தபோது, "எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான் சிஸ்டர், ராத்திரியெல்லாம் முழித்துக் கிடக்கிறான்" என்று அவன் அம்மா அழுதார். மூன்றாம் தடவை முகம் மலர்ந்து, "நாலு நாளாக அமைதியாக இருக்கிறான், ஆசையாக வைத்திருந்த கிரிக்கெட் மட்டையைக்கூடத் தம்பிக்குக் கொடுத்துவிட்டான்" என்றார். நானும் சந்தோஷப்பட்டேன். இரண்டாம் நாள் அவனை அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். பிழைத்துக்கொண்டான். கண் விழித்தவனிடம் டாக்டர், "சாகணும்னு எப்போதிலிருந்து தோணுது?" என்று கேட்டார். "அரையாண்டு லீவிலிருந்து" என்றான், பிறந்த தேதியைச் சொல்வது போல. மூன்று தடவை அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவள் நான். அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. அது என் தப்பு, இன்றைக்கும் உறுத்துகிறது.

அவனிடமிருந்து நான் கற்றதைச் சொல்கிறேன். வளரும் பிள்ளைகளிடம் மனச்சோர்வு எப்போதும் சோகமாக வந்து நிற்காது. சிடுசிடுப்பாக வரும், தலைவலி வயிற்றுவலியாக வரும், நேற்றுவரை உயிராக இருந்த விளையாட்டும் சிநேகிதமும் வேண்டாததாகிப்போவதாக வரும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் 'வயசு அப்படி' என்று விட்டுவிடாதே. அதோடு தான் பாரம், யாருக்கும் வேண்டாதவள் என்கிற பேச்சு வந்தாலோ, உடம்பில் தானே கீறிக்கொண்ட தழும்பு தெரிந்தாலோ, பிரியமான பொருளை எடுத்துக் கொடுத்தாலோ உடனே உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் அது. கொந்தளித்த பிள்ளை காரணமில்லாமல் திடீரென்று அமைதியானால் நான் இன்னும் பயப்படுவேன். முடிவெடுத்துவிட்டவரின் அமைதியாகவும் அது இருக்கலாம். முன்பே ஒரு தடவை முயன்ற பிள்ளை என்றால் எதையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதே. நாலு பேர் முன்னால் அவமானம், பரீட்சை முடிவு, காதல் வீட்டுக்குத் தெரிந்துபோனது என்று ஏற்கெனவே நொந்திருக்கும் மனசில் விழும் அடிதான் பல நேரம் அவசரத்தைக் கொண்டுவருகிறது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நியூயார்க் மாநிலத்தில் ஆறு பள்ளிகளில் 2,342 மாணவர்களை வைத்து இதையே சோதித்துப் பார்த்து, 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கேட்கப்படாதவர்களைவிட அந்த எண்ணமோ மனக்கலக்கமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்குக் கேட்டதே சற்று ஆறுதலாக இருந்தது.

ஆகவே சுற்றி வளைக்காதே. "அந்த மாதிரி ஏதும் யோசிக்கலையே?" என்று கேட்டால், இல்லை என்ற பதிலை நீயே எடுத்துக் கொடுக்கிறாய். செத்துப்போனால் தேவலை என்று இந்தச் சில வாரங்களில் தோன்றியதா, நீ இல்லாவிட்டால் வீட்டுக்கு நல்லது என்று நினைத்தாயா, தற்கொலை செய்துகொள்ள நினைத்தாயா, எப்போதாவது முயன்றாயா என்று ஒவ்வொன்றாகக் கேள். எந்த ஒன்றுக்கு ஆமாம் என்றாலும், "இந்த நிமிஷம் அந்த எண்ணம் இருக்கிறதா?" என்று கேள். அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் மருத்துவமனைகளுக்கென்று உருவாக்கிய கேள்விகளும் ஏறக்குறைய இவைதான். கேட்டு முடிக்க அரை நிமிஷம்கூட ஆகாது.

ஆமாம் என்று சொன்னால் பதறாதே, புத்தி சொல்லாதே, அம்மா அப்பாவை நினைத்துப் பார் என்று குற்றவுணர்வைக் கூட்டாதே. "சொன்னதற்கு நன்றிடா" என்று பக்கத்தில் உட்கார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சத்தியம் பண்ணிவிடாதே. உயிர் விஷயம், பெற்றோருக்கும் டாக்டருக்கும் சொல்வேன், நீயும் கூட இரு என்று முன்னாலேயே சொல்லிவிடு. இப்போதே அந்த எண்ணம் இருக்கிறது என்றால் ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. ராத்திரியானாலும் 14416, டெலிமானஸ் மனநல உதவி எண், கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். 104-ம் இருக்கிறது. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. போலீஸ் கேஸாகிவிடும் என்று பெற்றோர் மறைப்பார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதிச் சிகிச்சைதான் தரச் சொல்கிறது என்று எடுத்துச் சொல்.

வீட்டில் செய்ய வேண்டியதையும் சொல். நம் பக்கம் தோட்டத்துப் பூச்சிமருந்து திண்ணையிலேயே கிடக்கும். அந்த எண்ணம் அலை மாதிரி ஏறி இறங்குவது. ஏறிய நேரத்தில் மருந்து கைக்கு எட்டாமல் இருந்தாலே பல உயிர் தப்பும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீடுகளில் வைக்காமல் பொதுவான இடத்தில் பூட்டி வைக்கும் ஏற்பாட்டை சினேகாக்காரர்கள் செய்து பார்த்தார்கள். உன் மாணவியின் வீட்டிலும் அந்த டப்பாக்கள் வேறு இடத்துக்குப் போகட்டும், மாத்திரைகள் அம்மா கையில் இருக்கட்டும்.

டாக்டர் மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தால், அதைத் தொடங்கிய, அளவு மாற்றிய முதல் சில வாரங்களில் சில பிள்ளைகளுக்குப் பதற்றமும் அந்த எண்ணமும் கூடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இலேயே இதை எச்சரித்தது. அதற்காகத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. கூடவே இருந்து கவனித்து, மாற்றம் தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை அவள் வந்ததும் வகுப்புக்கு நடுவில் "இப்போ எப்படி இருக்கே?" என்று கேட்டுவிடாதே. சாப்பாட்டு நேரத்தில் மரத்தடிக்குக் கூட்டிப் போ. இந்த வாரம் அந்த எண்ணம் வந்ததா என்று அதே சொல்லில் கேள், அடுத்த வாரமும் கேள். சாயங்காலம் எனக்கு போன் பண்ணு. கேட்டுவிட்டு வந்த அன்றைக்கு உனக்கும் கை நடுங்கும், தெரியும் கண்ணு. எத்தனை மணியானாலும் முழித்திருப்பேன்.

அன்புடன்,
அத்தை