பழைய மினி டிராக்டரா, புதுசா? அக்கா சொல்றேன், கேளு

தென்னந்தோப்புக்கு ஒரு மினி டிராக்டர் செகண்ட் ஹேண்டில் எடுக்கப்போற, நல்ல முடிவு. ஒண்ணு 2012 மாடல், விலை கம்மி. இன்னொண்ணு 2020 மாடல், பெயின்ட் பளபளன்னு இருக்கு. எதை எடுக்கறதுன்னு கேட்டிருக்க. மாடல் வருஷத்தை அப்புறமா பாரு கண்ணு. அந்த வண்டி இத்தனை வருஷம் எங்க உழைச்சுது, அதுக்கு உன் ஊர்ப் பக்கம் பார்ட்ஸும் மெக்கானிக்கும் உண்டா, இதை முதல்ல விசாரி.

தோப்புக்குள்ள களை உழுத வண்டியும் வயல்ல சேத்துழவு ஓட்டின வண்டியும் ஒண்ணாகாது. கேஜ் வீல் மாட்டி சேத்துல இறக்கினா அச்சு வரைக்கும் சேறும் தண்ணியும் ஏறும். ஆயில் சீல் தேஞ்சிருந்தா தண்ணி உள்ள போய், கியர் ஆயில் பால் ஊத்தின டீ மாதிரி கலங்கிடும். விக்கிறவர் இதையெல்லாம் சொல்லமாட்டார், வண்டியே சொல்லும். குனிஞ்சு ஃபுட்போர்டுக்கு அடியில பாரு, மூலைமுடுக்குல காய்ஞ்ச களிமண் ஒட்டியிருக்கும். பின் சக்கர ரிம்மில கேஜ் வீல் உரசின தழும்பு இருக்கும். முன் சக்கர ஹப்பைச் சுத்தி ஆயில் கசிஞ்சு மண் அப்பியிருக்கும். கியர் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துக் காட்டச் சொல்லு. கலங்கியிருந்தா 2020 மாடலா இருந்தாலும் வேண்டாம்.

டிரெய்லர் இழுத்த வண்டி இன்னொரு ரகம். செங்கல், தண்ணி டேங்கர்னு ரோட்டுலயே ஓடினதுக்குப் பின் டயர் நடுவுல மட்டும் தேஞ்சிருக்கும், கொக்கி மாட்டுற ஓட்டை நீள்வட்டமா இழுத்திருக்கும். கிளட்ச்சும் பிரேக்கும் சீக்கிரம் செலவு வைக்கும். விலையில அதைக் கழிச்சுக் கேளு.

ஹவர் மீட்டரை மட்டும் நம்பாதே. மீட்டரை மாத்தறது சுலபம், அது வேலை செய்யாமலே பல வருஷம் ஓடின வண்டியும் உண்டு. கிளட்ச், பிரேக் பெடல் வழவழன்னு தேஞ்சு, ஸ்டியரிங் ரெண்டு பக்கமும் சும்மா ஆடி, சீட் கிழிஞ்சு கிடக்க, மீட்டர் மட்டும் 600 மணி நேரம்னு காட்டினா அந்தக் கணக்கு பொய். டயரோட பக்கவாட்டுல நாலு இலக்க எண் ஒண்ணு இருக்கும். 2219-னா 2019-ம் வருஷம் 22-வது வாரம் தயாரிச்ச டயர். 2020 மாடல் வண்டியில 2023 டயர் இருந்தா, ஏன் அத்தனை சீக்கிரம் மாத்தினாங்கன்னு கேளு.

இன்ஜினை எப்பவும் குளிர்ந்த நிலையிலதான் பார்க்கணும். காலையில நேரமா போ. போனதும் பானட் மேல கை வை. சூடா இருந்தா, நீ வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். வேற நாள் வர்றேன்னு கிளம்பிடு. குளிர்ந்திருந்தா ரேடியேட்டர் மூடியைத் திற. துருத் தண்ணியோ, மேல எண்ணெய்ப் படலமோ இருக்கக்கூடாது. கூலன்ட் ஊத்தாம உப்புத் தண்ணி போர் தண்ணியையே ஊத்தி ஓட்டின வண்டியில ரேடியேட்டர் உள்ளே உப்புப் படிஞ்சு அடைச்சிருக்கும், வெயில்ல உழும்போது சூடேறும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணச் சொல்லு. ஆரம்பத்துல கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வர்றதுல தப்பில்ல. சூடான பிறகும் நீலப் புகை வந்தா இன்ஜின் ஆயிலைக் குடிக்குது. ஓடும்போது ஆயில் ஊத்தற மூடியைத் தளர்த்திப் பாரு. அங்கிருந்து புகை குபுகுபுன்னு வந்தா ரிங்கும் லைனரும் தேஞ்சாச்சு, இன்ஜினைப் பிரிக்கணும்.

அடுத்தது லிஃப்ட். ரோட்டவேட்டரை மாட்டி முழுசா தூக்கி, இன்ஜினை ஆஃப் பண்ணிட்டுப் பத்து நிமிஷம் பேசிட்டு நில்லு. லேசா இறங்கினா பரவாயில்ல, தரையைத் தொட்டா ஹைட்ராலிக்ல வேலை இருக்கு. அந்த நேரத்துல அடியில காலை வெக்காதே.

இப்ப உன்னோட பெரிய பயத்துக்கு வர்றேன். புது வண்டின்னா சென்சார், கம்ப்யூட்டர்னு இருக்கும், உள்ளூர் மெக்கானிக்குக்குத் தெரியாதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க. 2023 ஜனவரியில வந்த புதுப் புகை விதி 50 ஹெச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டருக்குத்தான். நீ பார்க்கற 15, 18, 24 ஹெச்.பி. வண்டிக்கு அது பொருந்தாது. 2012 வண்டியைப் பிரிக்கத் தெரிஞ்ச மெக்கானிக் 2020 வண்டியையும் பிரிப்பார். அந்தக் காரணத்துக்காகப் பழசை எடுக்க வேண்டியதில்ல.

புதுசு ஜெயிக்கற இடம் வேற. மரத்துக்கு மரம் திரும்பித் திரும்பி நாள் முழுக்க ஓட்டப்போறது நீதானே? பவர் ஸ்டியரிங் இருந்தா தோள்பட்டை தப்பிக்கும். ஆயில்ல மூழ்கின பிரேக் மழைக்காலத்துலயும் நல்லா பிடிக்கும். குபோட்டா பி2441 மாதிரி 24 ஹெச்.பி., மூணு சிலிண்டர், ஃபோர் வீல் டிரைவ் வண்டியில இதெல்லாம் இருக்கு. மஹிந்திரா யுவராஜ் 215 ஒரே சிலிண்டர், 15 ஹெச்.பி.; அதிர்வு கூட, ஆனா இன்ஜின் வேலை வந்தா செலவு கம்மி. மூணு அடி ரோட்டவேட்டருக்கு அது போதும். ஃபோர் வீல் எடுத்தா முன் டயர் சைஸ் கம்பெனி கொடுத்ததுதானான்னு பாரு. வேற சைஸ் மாட்டி ஓட்டியிருந்தா முன் அச்சு கியர் தேஞ்சிருக்கும், அந்தச் செலவு பெருசு.

பழைய வண்டி பலதுல, ரோட்டவேட்டரைச் சுத்த வைக்கற பி.டி.ஓ. ஷாஃப்ட்டோட மூடி காணாமப் போயிருக்கும். தயவுசெஞ்சு இதை அலட்சியம் பண்ணாதே. பி.டி.ஓ. நிமிஷத்துக்கு 540 சுத்து, அதாவது ஒரு விநாடிக்கு 9 சுத்து. துப்பட்டாவோ முந்தானையோ சிக்கினா கையை எடுக்கக்கூட நேரம் கிடைக்காது. மூடி இல்லாத வண்டியை எடுத்தா, மூடி மாட்டின பிறகுதான் ஓட்டணும்.

பேரம் பேசறதுக்கு முன்னாடி ஷோரூம்ல புது வண்டி விலையை விசாரிச்சுக்கோ. 2025 செப்டம்பர் 22-லிருந்து டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்துலேர்ந்து 5 ஆகியிருக்கு. புதுசோட விலை இறங்கினா பழசும் இறங்கணும், பழைய விலையையே சொல்லிட்டு இருக்கறவங்ககிட்ட இதை எடுத்துச் சொல்லு. அதே கையோட, கிளட்ச் பிளேட், ஃபில்டர், லிஃப்ட் சீல் இந்த மூணும் பக்கத்து டவுன்ல ஸ்டாக் இருக்கான்னு கேளு. மூணுக்கும் “ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்கணும்”னு பதில் வந்தா, உழவு நேரத்துல வண்டி ஷெட்டுலதான் நிக்கும்.

ரெண்டு, மூணு ஏக்கர்தான்னா வாங்கறதையே ஒருமுறை யோசி. வேளாண் பொறியியல் துறை இ-வாடகை செயலி மூலமா வண்டியை வாடகைக்குக் கொடுக்குது.

நான் உன் இடத்துல இருந்தா, தோப்புலயே உழைச்சு ஒரே கையில இருந்த 2012 வண்டியைத்தான், சேத்துல கிடந்த 2020 வண்டியை விட்டுட்டு எடுப்பேன். ரெண்டுமே தோப்பு வண்டின்னா கொஞ்சம் கூடக் கொடுத்தாவது புதுசை எடுப்பேன். 2012 வண்டிக்கு 15 வருஷப் பதிவு 2027-ல முடியும், அப்ப ஆர்.டி.ஓ.கிட்ட வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கணும்ங்கறதையும் கணக்குல வை.

எதை எடுத்தாலும் சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஆர்.சி.யோட நீயே ஒத்துப் பாரு. கடன்ல எடுத்த வண்டின்னா பேங்க் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வேணும். படிவம் 29, 30 ரெண்டுலயும் விக்கிறவர் கையெழுத்துப் போட்டு உன் கைக்கு வர்ற வரைக்கும் முழுப் பணத்தையும் கொடுக்காதே. வாங்கின 30 நாளுக்குள்ள ஆர்.சி.யை உன் பேருக்கு மாத்த விண்ணப்பிச்சிடு. உன் பேருக்குத்தான் கண்ணு, வீட்டுல வேற யார் பேருக்கும் வேண்டாம்.