தகர டப்பாவில் இருக்கும் காசுக்கு வரி உண்டா?

சேலையூரிலிருந்து ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் கேட்கிறார்: “அப்பா விட்டுப்போன பிஸ்கட் டப்பாவில் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட வெள்ளி ரூபாய், ஓட்டைக் காலணா, நாலு சவரன் காசு எல்லாம் இருக்கின்றன. மொத்தமாக விற்றுவிடலாம் என்று பார்க்கிறேன். சொந்த உபயோகப் பொருளுக்கு வரி இல்லை என்கிறார்களே, சார்?”

அந்த வாதத்தை நம்மைவிடப் பெரிய இடத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய்த் தோற்றாகிவிட்டது. தோல்பூர் மகாராஜா குடும்பம் சவரன்களையும் பழைய வெள்ளி ரூபாய்களையும் வெள்ளிக் கட்டிகளையும் விற்றது. மகாலட்சுமி பூஜையில் வைப்பவை, ஆகவே சொந்த உபயோகப் பொருள்கள் என்று வாதாடியது. 1976-இல் வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. விசேஷ நாளில் எடுத்துப் பூஜைக்கு வைத்தால் போதாது, உரிமையாளரின் வழக்கமான வாழ்க்கையோடு நெருங்கி ஒட்டிய உபயோகமாக இருக்க வேண்டும் என்றது. பிஸ்கட் டப்பாவில் தூங்கும் காசு அந்தக் கணக்கில் வராது. கோத்துக் காசுமாலையாகக் கழுத்தில் போட்டாலும் தப்பிக்க வழியில்லை. நகையைச் சட்டம் பெயர் சொல்லியே மூலதனச் சொத்தில் சேர்த்திருக்கிறது. நகைக்கடையில் கொடுத்துப் புது நகையாக மாற்றிக்கொள்வதும் விற்பனைதான். இதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

பயப்படும்படி ஒன்றுமில்லை. அப்பாவிடமிருந்து வந்ததற்காக ஒரு பைசா வரி கிடையாது. விற்றால் லாபத்துக்கு மட்டும்தான். அப்பா வைத்திருந்த காலமும் உங்கள் கணக்கில் சேரும். 24 மாதத்தைத் தாண்டிவிட்டால் நீண்டகால மூலதன ஆதாயம், வரி 12.5 சதவீதம். 2001 ஏப்ரல் 1-க்கு முன்பே குடும்பத்துக்கு வந்த காசு என்றால், அன்றைய சந்தை மதிப்பையே அடக்க விலையாகக் காட்டலாம். அப்படி 60,000 ரூபாய் மதிப்புள்ளது இன்று 3,10,000-க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். லாபம் 2,50,000. வரி 31,250, அதன்மேல் 4 சதவீத செஸ் 1,250. ஆக 32,500. புதிய வரி முறையில் உங்கள் பென்ஷனும் வட்டியும் சேர்ந்து 4 லட்சத்தை எட்டாவிட்டால், குறையும் தொகையை இந்த லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ‘12 லட்சம் வரை வரி இல்லை’ என்ற பேச்சை மட்டும் இங்கே நம்ப வேண்டாம்; அந்தத் தள்ளுபடி இந்த லாபத்துக்குப் பொருந்தாது.

2001 மதிப்புக்குப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். விற்பதற்கு முன்பே ஒவ்வொரு காசையும் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, எடையையும் குறித்து வையுங்கள். ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும், அதுவும் வாங்கிய உங்களுக்குத்தான்.

ஜி.எஸ்.டி. பற்றியும் கேட்டிருக்கிறார். வீட்டில் இருந்ததை ஒருமுறை விற்பது வியாபாரம் ஆகாது, ஆகவே அவருக்கு அது இல்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாராவாரம் பொறுக்கி எடுத்து, லாபம் வைத்துத் தள்ளிவிடுகிறவர் கதை வேறு. அது வியாபார வருமானம். ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். இணையதளம் வழியாக வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் முதல் ரூபாயிலிருந்தே வேண்டும். சேகரிப்பு நாணயத்துக்கு வரி 5 சதவீதம், நகைக்கடையில் வாங்கும் தங்கக் காசுக்கு 3. பழைய பொருள் வியாபாரி, வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளாமல் இருந்தால், கைக்கு வரும் வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டலாம். 1,000-க்கு வாங்கி 1,400-க்கு விற்றால் 400-க்கு 20 ரூபாய்.

நூறு வயதைக் கடந்த காசு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அமெரிக்காவில் இருக்கும் மகனுக்குக் கூரியரில் அனுப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள், அது குற்றம். மேடவாக்கத்திலோ வண்டலூரிலோ அஸ்திவாரம் தோண்டும்போது காசுப் பானை கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம் என்று எடுத்து வைக்கவும் முடியாது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இன்றும் அது உயிரோடு இருக்கிறது.

டப்பாவின் படத்தை இணையத்தில் போட்டவுடன் உங்களுக்கு ஒரு போன் வரலாம். ஓட்டைக் காலணாவுக்குப் பல லட்சம் தருவதாகவும், அதற்கு முன்னால் ‘ஜி.எஸ்.டி., ரிசர்வ் வங்கிக் கட்டணம்’ என்று சில ஆயிரம் கட்டும்படியும் சொல்வார்கள். பழைய காசு விற்பனையில் தனக்குத் தொடர்பே இல்லை, கட்டணமும் கமிஷனும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. காசை விற்கிறவர் வாங்குகிறவருக்கு முன்பணமாக வரி கட்டும் வழக்கம் எந்தச் சட்டத்திலும் இல்லை. ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் வெட்கப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.