பழைய ரோஜாவை எடைபோடுவது எப்படி?

கண்காட்சிக்கு வரும் ஹைப்ரிட் டீ ரோஜாவுக்கு அமெரிக்க ரோஜா சங்கம் போடும் மதிப்பெண் 100. வடிவத்துக்கு 25, நிறத்துக்கு 20, காம்புக்கும் இலைக்கும் 20, இதழின் திடத்துக்கு 15, சீர்மைக்கும் அளவுக்கும் பத்துப் பத்து. மணத்துக்கு ஒன்றுமில்லை. இந்தக் கணக்கை மட்டும் நம்பினால் 'கிரிம்ஸன் குளோரி' போன்ற பழைய ரோஜாவின் அருமை பாதிகூடப் பிடிபடாது. ஜெர்மனியின் வில்ஹெல்ம் கோர்டஸ் உருவாக்கி 1935இல் வெளிவந்த ரகம் அது. அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை, செடி அதுதானா என்று பார்ப்பது. தொங்கவிட்ட பெயர்ச்சீட்டை நம்பவே கூடாது. கிரிம்ஸன் குளோரி குட்டையாக, பக்கவாட்டில் பரவி வளரும் புதர். உங்கள் செடி நீளநீளமாகக் கிளை வீசினால், 1940களில் வந்த அதன் கொடி வடிவமாக இருக்கலாம்; இல்லையென்றால் ஒட்டுக்குக் கீழே அடிச்செடி கிளம்பியிருக்கலாம். மண்ணை விலக்கி, கிளை எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் குறிப்பேட்டைத் திறக்க வேண்டும்.

அடுத்தது பூ. ஹைப்ரிட் டீயின் வடிவத்தைப் பாதி முதல் முக்கால் வரை விரிந்த நிலையில் பார்க்க வேண்டும். நடுக்கூம்பு உயர்ந்து, வெளியிதழ்கள் வளைந்து விலகும் நேரம் அது. முழுதாக மலர்ந்து உதிரப்போகும் பூவைக் கிள்ளி, இதழ்களை வெள்ளைத் தாளில் பரப்பி எண்ணுங்கள். இதில் முப்பதை ஒட்டி வரும். ஒரே பூவோடு நிறுத்தாமல் இரண்டு மூன்றை எண்ணுவது நல்லது.

நிறத்துக்கு எதிரே 'சிவப்பு' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். புதுப்பூவில் வெல்வெட் போன்ற ஆழ்ந்த சிவப்பு, இதழ் ஓரத்தில் கருமை தட்டும். வெயில் பட்டு வயதாக ஆக ஊதா ஏறும். இதழின் சாற்றில் அமிலத்தன்மை குறையும்போது சயனின் என்னும் நிறமி நீலத்தின் பக்கம் சாய்வதே காரணம். ஆகவே எத்தனையாவது நாள் பூ, காலையா மாலையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆழ்சிவப்பைக் கேமரா பெரும்பாலும் கெடுத்துவிடும். படத்தை வைத்து நிறம் சொல்வது வீண்வேலை.

மணம் பார்க்க வெயில் ஏறுமுன் போங்கள். பாதி விரிந்த பூவாக இருக்கட்டும். அடுத்தடுத்து பத்துப் பூவை முகர்ந்தால் மூக்கு மரத்துவிடும்; ஒன்றிரண்டோடு நிறுத்தி மறுநாள் திரும்பப் பாருங்கள். கிரிம்ஸன் குளோரியில் பன்னீர் ரோஜாவை நினைவூட்டும் கனத்த டமாஸ்க் வாசம். மணத்துக்கென்று ஏற்படுத்திய காம்பிள் விருதை அதே அமெரிக்கச் சங்கம் 1961இல் முதன்முதலாகக் கொடுத்தது இந்த ரோஜாவுக்குத்தான். உங்கள் அட்டவணையில் மணத்துக்கு 20க்குக் குறையாமல் ஒதுக்குங்கள்.

இனிக் குறைகள். இதன் கழுத்து மெலிந்தது. பூவின் கனம் தாங்காமல் தலை கவிழும். காம்பை இரு விரலால் பிடித்து மெல்ல அசைத்தால், பூ எந்த இடத்தில் மடங்குகிறது என்று தெரியும். பிறகு இளந்தளிரைப் புரட்டிப் பாருங்கள்: வெள்ளைப் பொடி தூவினாற்போல இருந்தால் சாம்பல் நோய். இந்த ரகத்துக்கு அது பழைய வினை. கவாத்துக்குப் பின் எத்தனை நாளில் அடுத்த பூ வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பருவம் முழுக்கப் பார்க்காமல் மதிப்பெண் போடுவது அவசரம்.

வாரிசுகளையும் கணக்கில் சேர்க்கலாம். 1946இன் 'எனா ஹார்க்னஸ்' இதன் பிள்ளை. அழகோடு தொங்கும் கழுத்தும் கூடவே போயிற்று. 'கிரைஸ்லர் இம்பீரியல்' பேரப்பிள்ளை.

என் தீர்ப்பு இது: பாத்தியில் நட புதர் வடிவம் வேண்டாம். புதிய சிவப்பு ரகங்கள் அதைவிடத் திடமாக நிற்கும். கொடி வடிவத்தை வாசல் வளைவில் ஏற்றுங்கள். அண்ணாந்து பார்ப்பவருக்குக் கவிழ்ந்த பூதான் முகம் காட்டும்.